அக்கா 5 நாள் வர்றா: ஊர் ஊரா சுத்துறதா, பெரிய வீட்டுல தங்குறதா, நம்ம வீட்டுலயே இருக்குறதா?

தை மாசம் அக்கா வர்றா. பினாங்குல இருந்து கோலாலம்பூர், அங்கருந்து திருச்சிக்கு நேரா ஃபிளைட், திருச்சியில இருந்து நம்ம காரைக்குடிக்கு 90 கிலோமீட்டர் இருக்கும். கையில 5 நாள்தான், அதுக்கு மேல லீவு கிடைக்கல. கல்யாணமாகிப் போயி 31 வருசமாச்சு, நடுவுல எத்தனையோ தடவ வந்திருக்கா, ஆனா வந்ததெல்லாம் யாரு வீட்டுக் கல்யாணமோ காதுகுத்தோ, கடைசியா அப்பா காரியமோ, இப்படித்தான். ஊரப் பாக்கணும்னு ஒரு தடவகூட வந்ததில்ல. போன மாசம் போன்ல "இந்தத் தடவ எந்த விசேசமும் வேணாம்டி, நம்ம ஊரச் சுத்திக் காட்டு, இங்க என்கூட வேல பாக்குற சீனப் பொண்ணு செட்டிநாடு போயிட்டு வந்தேன்னு போட்டோ காட்டுறா, நான் அங்கயே பொறந்தவ, தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு எப்படிப் போடுறாங்கன்னு அவ கேட்டா எனக்குப் பதில் தெரியல"ன்னு சொன்னா. சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அன்னைக்கிருந்து எனக்கு இதே யோசனைதான், 3 வழி இருக்கு, ஒவ்வொண்ணையும் மனசுக்குள்ள நடந்து பாத்துட்டேன், வெளிநாட்டுல இருந்து அக்காவோ தங்கச்சியோ கொஞ்ச நாளுக்கு வர்றாங்கன்னா உங்களுக்கும் உதவும்னு எழுதுறேன்.

முதல்ல எத வச்சு ஒப்பிடுறேன்னு சொல்லிடுறேன். அக்காவுக்கு முட்டி வலி இருக்கு, படி ஏறுவா ஆனா இறங்கத்தான் கஷ்டப்படுவா. அம்மாவுக்கு 81 வயசு, என்கூடத்தான் இருக்காங்க, அவங்கள விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் நாள் பூரா வெளிய இருந்தா அக்கா வந்ததுக்கே அர்த்தம் இல்ல. மூணாவது, நம்ம பக்கம் கோயிலெல்லாம் மத்தியானம் நட சாத்திட்டா திரும்பத் திறக்க 4 மணி ஆயிடும், வெயிலும் அந்த நேரம்தான், அதனால ஒரு நாள்ங்கிறது உண்மையில ரெண்டு அரை நாள்தான். இத மனசுல வைக்காம லிஸ்ட் போட்டா எந்த லிஸ்ட்டும் உருப்படாது.

முதல் வழி: கார் எடுத்துக்கிட்டு பெரிய ரவுண்டு. மதுரை மீனாட்சி, ராமேஸ்வரம், போற வழியில எதெல்லாம் வருதோ அதெல்லாம். வெளிநாட்டுல இருந்து வர்றவங்க பாதிப் பேரு இதத்தான் பண்றாங்க, இவ்வளவு தூரம் வந்தாச்சு, ராமேஸ்வரத்த விட்டுட்டுப் போகலாமான்னு தோணும். இங்கருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர், மதுரை 85, 90 வரும். பாம்பன்ல புது ரயில் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாங்க, அதுல ரயில்ல போகணும்னு எனக்கே ஆச இருக்கு, கடலுக்கு நடுவுல அப்படி உக்காந்து போறது வேற எங்க கிடைக்கும்.

ஆனா இத நான் ஒரு தடவ பண்ணிட்டேன். 6 வருசத்துக்கு முன்னாடி அக்கா வந்தப்ப, காரியம் முடிஞ்சு ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்துச்சு, விடியக்கால 4 மணிக்குக் கிளம்பி ராமேஸ்வரம் போயி 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்தோட தரிசனம் முடிச்சு, அப்படியே மதுரைக்கு விட்டோம். நட சாத்துற நேரத்துக்கு ஓடுனோம், அம்மன தூரத்துல இருந்து ஒரு நிமிசம் பாத்தோம், ராத்திரி 1 மணிக்கு வீடு. காருக்குள்ள அக்கா தூங்கிட்டுத்தான் வந்தா, காலு ரெண்டும் வீங்கி செருப்பு நுழையல, மறுநாள் அதே காலோட ஃபிளைட் ஏறுனா. அன்னைக்குப் பூரா அவகிட்ட நான் பேசுனதெல்லாம் "தண்ணி குடிச்சியா", "பாத்ரூம் போகணுமா", இவ்வளவுதான். அதனால இந்த வழிய நான் முழுசா தள்ளிட்டேன். 10 நாள் இருக்குறவங்க, முதல் தடவ தமிழ்நாட்டப் பாக்குற பிள்ளைகளக் கூட்டிட்டு வர்றவங்க தாராளமா பண்ணலாம், ராமேஸ்வரத்துல ஒரு ராத்திரி தங்குற மாதிரி வச்சுக்கங்க. இங்க பொறந்து வளந்து விட்டுட்டுப் போனவளுக்கு 5 நாள்ல இது வேணாம்.

ரெண்டாவது வழி: கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டியார் வீட்ட ஹோட்டலா மாத்தியிருக்காங்களே, அதுல தங்குறது. கானாடுகாத்தான்ல விசாலம், செட்டிநாடு மேன்ஷன், கொத்தமங்கலத்துல சாரதா விலாஸ், கடியாபட்டியில சிதம்பர விலாஸ், காரைக்குடிக்குள்ளயேன்னா பங்களா. நல்ல சீசன்ல ஒரு ராத்திரிக்கு பத்தாயிரத்துக்கு முன்ன பின்ன கேக்குறாங்க, மார்கழி தை ரெண்டும் வெள்ளக்காரங்க வர்ற சீசன், முன்கூட்டியே சொல்லலன்னா ரூமே கிடைக்காது. நம்ம ஊர்ல நமக்கு வீடு இருக்க எதுக்கு இம்புட்டு காசு குடுத்து ரூம் போடணும்னு முதல்ல எனக்கும் கோவம்தான் வந்துச்சு.

கொஞ்சம் யோசிச்சப்பதான் வேற ஒண்ணு தெரிஞ்சுச்சு. எங்க அப்பா கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டுல கணக்குப்பிள்ளையா இருந்தாரு. அவருக்குத் தெரிஞ்சது முகப்பு, அங்கதான் அவரு கணக்கு எழுதுற சாய்வுமேச. அம்மாவ அந்த வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பலகாரம் சுடக் கூப்புடுவாங்க, மனகோலம், தேங்குழல், சீப்புச்சீடைன்னு 10 நாள் போயி நிப்பாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது பின்கட்டு, அடுப்படி. தீபாவளிக்கு நானும் அக்காவும் பாவாட கட்டிக்கிட்டுப் போயி முகப்புல நிப்போம், வாசக்கதவு வழியா பாத்தா உள்ள வளவு தெரியும், வெயிலு நடு முத்தத்துல சதுரமா விழுந்து கிடக்கும், சுத்தி வர தூணு, அதுக்குப் பின்னாடி வரிசையா கதவு. ஆச்சி வந்து ஓலக்கொட்டான்ல பலகாரம் குடுப்பாங்க, வாங்கிட்டு வந்துருவோம். யாரும் எங்கள உள்ள வராதன்னு சொன்னதில்ல, நாங்களா போனதும் இல்ல. அப்பாவுக்கு முன்பக்கம் தெரியும், அம்மாவுக்குப் பின்பக்கம் தெரியும், நடுவுல இருக்குற வளவு மட்டும் எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது. அக்கா அதப் பத்தி 2, 3 தடவ பேசியிருக்கா, அந்த வெயில்ல போயி உக்காரணும்னு இருந்துச்சுன்னு.

அந்த வீடு இப்ப பூட்டிக் கிடக்கு. பங்காளிங்க நிறைய, ஒருத்தரு சென்னை, ஒருத்தரு அமெரிக்கா, வருசத்துல ஒரு நாள் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்து திறப்பாங்க. அதுக்குள்ள போக முடியாது. ஆனா அதே மாதிரி ஒரு வீட்டுல, அதே வளவுல, ஒரு நாள் பூரா இஷ்டத்துக்கு உக்காரலாம்னா அந்தக் காசு ரூமுக்குக் குடுக்குற காசு இல்ல. விசாலம்ங்கிற வீட்ட ஒரு செட்டியார் தன் மக விசாலாட்சிக்காகக் கட்டுனாருன்னு சொல்வாங்க, மகளுக்குன்னு கட்டுன வீட்டுல அக்கா தங்கச்சி போயி தங்குறதும் பொருத்தமாத்தான் படுது.

அந்த வீடுகள எப்படிப் பாக்கணும்னு வர்றவங்களுக்கு யாராச்சும் சொல்லணும். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு நேரா ஒரே கோட்டுல போகும், முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. தேக்கு பர்மாவுல இருந்து, பளிங்கு இத்தாலியில இருந்து, கண்ணாடி பெல்ஜியத்துல இருந்து, எல்லாம் கப்பல்ல வந்தது. சுவரு அந்த வழுவழுப்புக்கு சுண்ணாம்போட முட்ட வெள்ளக்கரு சேத்து அரச்சுப் பூசுவாங்க, கைய வச்சா ஜில்லுன்னு இருக்கும். வளவச் சுத்தி இருக்குற அறைங்க கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு, வீடு ஒண்ணா இருந்தாலும் அடுப்பு வேற வேற, வேறு வைக்கிறதுன்னே அதுக்குப் பேரு. இதெல்லாம் தெரிஞ்சு பாத்தா அரமணை மாதிரி தெரியாது, பெரிய குடும்பம் ஒண்ணு எப்படி சண்டயில்லாம இருக்கலாம்னு ஏற்பாடு பண்ண இடம் மாதிரி தெரியும். யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊருங்கள 2014-ல சேத்தாங்க, ஆனா தெருவுல நடந்தீங்கன்னா பூட்டு தொங்குற வீடுதான் கண்ணுல படும், சிலது இடிஞ்சும் போச்சு. எனக்கு அது வருத்தம்தான், அக்காவுக்கும் வருத்தமாத்தான் இருக்கும், அதுக்காகக் காட்டாம விட முடியாது.

சரி, அப்ப 5 நாளும் அங்கயே இருந்துடலாமான்னா, அது வேணாம். காசு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஹோட்டல்ல நமக்குன்னு ஒரு வேலயும் இல்ல, 2 நாளுக்கு மேல விருந்தாளியா இருக்க அக்காவால முடியாது, அவ அடுப்படிக்குள்ள வந்து நின்னாத்தான் பேச்சே வரும். அம்மாவுக்கும் சொந்தக் கட்டில் இல்லன்னா தூக்கம் வராது.

மூணாவது வழி: நம்ம வீட்டுல இருந்துக்கிட்டு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு பாக்குறது. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, நான் பினாங்கு போயிருந்தப்ப அக்கா எனக்குப் பண்ணதுதான். 12 நாள் இருந்தேன், ஒரு நாளைக்கு ஒரே இடம், ஒரு நாள் மலை ரயில், ஒரு நாள் ஜார்ஜ் டவுன் பழைய தெருவுங்க, ஒரு நாள் சும்மா நாசி கண்டார் வாங்கிட்டு வந்து வீட்டுல சாப்பிட்டது, அம்புட்டுதான். வாட்டர்ஃபால் ரோட்டுல நகரத்தார், அதான் நம்ம செட்டியாருங்க, அவங்களோட தண்டாயுதபாணி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, தைப்பூசத்துக்கு ஓடுற வெள்ளி ரதத்தப் பத்தி சொன்னா, அது 1894-ல காரைக்குடியில இருந்து கப்பல்ல போனதாம். எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. நம்ம ஊர்ல செஞ்சு அனுப்புன ரதத்தப் பத்தி கடல் தாண்டிப் போயி அக்கா சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த 12 நாள்ல பாத்தது கொஞ்சம், ஆனா ஒண்ணுகூட மறக்கல.

வீட்டுல இருந்து போறதுன்னா எதெது, எந்தத் திசையிலன்னு பாக்கணும். கிழக்க மேற்கன்னு கலந்து போட்டா டீசலும் நேரமும்தான் போகும். மேற்கால, திருப்பத்தூர் ரோட்டுல, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி மூணும் ஒரே வரிசையில வந்துடும். பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் குடவரைக்குள்ள பாறையிலயே செதுக்குனவரு, 6 அடி உயரம், ரெண்டே கை, தும்பிக்க வலம் சுழிச்சு இருக்கும், கோயில்ல சீக்கிரம் 6, 6:30-க்குப் போயிட்டா நின்னு பாக்கலாம். வைரவன்பட்டியில கூட்டம் கம்மி, கல்லு வேலப்பாட்ட பக்கத்துல நின்னு பாக்கலாம், அம்மாவாலயும் நடக்க முடியும். குன்றக்குடி சண்முகநாதர் மலை மேல, அக்கா முட்டிய அன்னைக்கு அவகிட்டயே கேட்டுக்கிட்டு முடிவு பண்ணலாம், கீழ நின்னு கும்பிட்டாலும் முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.

இதுல ஒண்ணு சொல்லணும், டிராவல்ஸ்காரங்க நகரத்தார் கோயில் 9-ஐயும் ஒரே நாள்ல காட்டுறோம்பாங்க. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. பேரச் சொல்லவே மூச்சு வாங்குது. நேர்த்தின்னா பண்ணுங்க, இல்லன்னா 2 போதும், பிள்ளையார்பட்டியோட இன்னொண்ணு. சிற்பம் பிடிச்சவங்கன்னா அந்த இன்னொண்ணு இரணியூரா இருக்கட்டும்.

தையில வர்றதுனால ரெண்டு விசயம் கவனிக்கணும். பொங்கல் முடிஞ்ச கையோட சிராவயல் மஞ்சுவிரட்டு, அன்னைக்கு அந்த ரோட்டுப் பக்கமே காரு போகாது. அப்புறம் பழனிக்கு நகரத்தார் பாதயாத்திர காவடியோட குன்றக்குடி வழியா போகும், ரோட்டோரம் பூரா நடக்குறவங்க, டிரைவர்கிட்ட மெதுவா ஓட்டச் சொல்லணும். இந்தக் கூட்டத்த அக்கா பாக்கணும்னு எனக்கு ஆச, பினாங்கு தைப்பூசத்த வருசா வருசம் பாக்குறவ, இந்தப் பக்கம் ஜனங்க கிளம்பிப் போறதயும் பாக்கட்டும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவை சரணாலயமும் அந்த மாசம் நல்லா இருக்கும், நத்தைகுத்தி நாரையெல்லாம் வந்து கூடு கட்டியிருக்கும், அந்த ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடியே வெடிக்குறதில்ல. சாயங்காலம் 1 மணி நேரம் போதும்.

வடக்க, கானாடுகாத்தான் பக்கம், திருமயம் கோட்ட. சேதுபதி 1687-ல கட்டுனது, மேல பீரங்கி இருக்கு, அடிவாரத்துல சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்துக் குடவரை, பெருமாள் பள்ளிகொண்டு பாற நீளத்துக்குப் படுத்திருப்பாரு. திருச்சியில இருந்து வர்ற வழியிலதான் இருக்கு, அதனால வந்தன்னைக்கே இறங்கிப் பாத்துடலாம்னு எல்லாரும் சொல்வாங்க, ராத்திரி பூரா முழிச்சு ரெண்டு ஃபிளைட் மாறி வந்தவள கோட்டையில ஏத்தாதீங்க, ரோட்டோரம் கோட்ட பைரவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வண்டிய விடுங்க.

ஆத்தங்குடிய விட முடியாது, அக்கா கேட்டதே அதான். கண்ணாடிப் பலக மேல இரும்பு அச்ச வச்சு, டிசைன் கட்டம் கட்டமா இருக்கும், ஒவ்வொரு கட்டத்துலயும் கரண்டியால சாயச் சாந்த ஊத்துவாங்க, அச்ச எடுத்துட்டு மேல உலந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் சாந்து வச்சு அழுத்தி, காய விட்டு தண்ணித் தொட்டியில போடுவாங்க. சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடிய எடுத்தா கல்லு கண்ணாடி மாதிரி மின்னும், நடக்க நடக்கத்தான் இன்னும் பளபளப்பு ஏறும். பட்டறையில கேட்டுட்டுப் பாக்கலாம், அக்கா வேணும்னா ஒரு கல்லு அவளே ஊத்திப் பாக்கட்டும். அதே ஊர்ல ஆத்தங்குடி அரண்மனைன்னு சொல்ற லட்சுமி விலாஸ் வீட்ட டிக்கெட் வாங்கிட்டு உள்ள பாக்கலாம், ஹோட்டல்ல தங்க வசதிப்படாதவங்களுக்கு வளவ உள்ள போயி பாக்க இது நல்ல வழி. கானாடுகாத்தான் செட்டிநாடு அரண்மனை, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912-ல கட்டி முடிச்சது, அத வெளிய நின்னு பாத்துக்கலாம்.

காரைக்குடிக்குள்ள கடை கண்ணிக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கணும். கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடச்சுச்சு, கட்டம் போட்டது, கெட்டியான பருத்தி, தறிக்காரங்ககிட்டயே வாங்கித் தரணும் அக்காவுக்கு. முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்கு, எனாமல் ஏனம், மரவை, கதவு, தூணு. அங்க போறதுக்கு எனக்கு மனசு ரெண்டா இருக்கு, இடிச்ச வீட்டுச் சாமான்தானே அம்புட்டும். அக்கா ஒரு சின்ன எனாமல் தூக்கு எடுத்துட்டுப் போனா அது பினாங்குல பத்திரமா இருக்கும்னும் தோணுது. அவளே முடிவு பண்ணட்டும்.

இதயெல்லாம் வச்சுப் பாத்து, முடிவுல ரெண்டாவதயும் மூணாவதயும் சேத்துக்கிட்டேன். வந்தன்னைக்கு வீடு, தூக்கம், ராத்திரி இடியாப்பமும் கோசமல்லியும். ரெண்டாம் நாள் காலையில பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, மத்தியானம் வீடு, சாயங்காலம் முடிஞ்சா நாரைங்க. மூணாம் நாள் காலையில ஆத்தங்குடி, 1 மணிக்கு கானாடுகாத்தான்ல ரூம், அன்னைக்கு மத்தியானம் எங்கயும் போகல, வளவுலதான். நாலாம் நாள் வெயில் ஏறுறதுக்குள்ள திருமயம், அங்கருந்து வீடு. அஞ்சாம் நாள் கட, கொப்புடையம்மன் கோயில், அக்கா கொண்டுபோக கவுனி அரிசியும் சீப்புச்சீடையும் கட்டுறது. காரு ரெண்டாம், மூணாம், நாலாம் நாளுக்கு மட்டும், நாள் வாடகையா பேசாம கிலோமீட்டர் கணக்குல பேசுனா நமக்கு லாபம், நாரைங்கள விட்டா மத்ததெல்லாம் ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்குள்ளதான் வருது.

இதுல பாக்கி இருந்தது அம்மா. மூணாம் நாள் ராத்திரி அவங்கள சித்தி வீட்டுல விட்டுடலாம்னுதான் முதல்ல நினச்சிருந்தேன். அக்காகிட்ட சொன்னப்ப அவ கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அம்மா இல்லாம நான் அந்த வளவுல உக்காந்து என்னடி பண்ண"ன்னா. அம்மாகிட்ட கேட்டேன், "எனக்கெதுக்குத்தா அதெல்லாம், நான் பாக்காத வீடா"ன்னாங்க. பின்கட்டத்தானேம்மா பாத்தீங்கன்னு சொன்னேன். பதில் சொல்லல, கொஞ்ச நேரம் கழிச்சு அங்க கட்டில் உயரமா இருக்குமா, ராத்திரி பாத்ரூம் பக்கத்துல இருக்குமான்னு கேட்டாங்க. நேத்து ஹோட்டலுக்கு போன் போட்டுக் கேட்டேன், கீழேயே ரூம் இருக்காம், படி ஏற வேணாம், கூட ஒரு கட்டில் போட்டுத் தர்றாங்களாம். 3 பேருன்னு சொல்லி முன்பணம் கட்டிட்டேன்.